வலப்பக்கத்துக் கண்ணாடிக் குழாய்

பூனைக்குச் சர்க்கரை வியாதி வரும் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. தாராவியில் எங்கள் சாலில், அந்த ஒண்டுக் குடித்தன வரிசையில், சொன்னபோதும் எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் எனக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது, எறும்பு சொல்லிக் கொடுத்தது. குளிக்கிற மோரியின் மூலையில் எங்கள் பூனை துரை ஒன்றுக்குப் போய்விட்டு வந்த இடத்தில் காலையில் கறுப்பாக எறும்பு மொய்த்திருந்தது. பதினான்கு வருடத்துக்கு முன்னால் அதே மோரியில் எறும்பைப் பார்த்துத்தான் என் வீட்டுக்காரருக்கு இந்த வியாதி இருப்பதைக் கண்டுபிடித்தோம்.

ஐயா, என் பெயர் சவரியம்மாள். வயது ஐம்பத்திரண்டு. கல்யாணத்துக்கு முன்னால் ஊரில் சாமியார் பள்ளிக்கூடத்தில் மூன்று வருடம் பாடம் சொல்லிக் கொடுத்தவள். அதனால் இந்த வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன். ஹவல்தார் பூலோகம் நல்ல மனிதர், திருநெல்வேலிப் பக்கம்தான். ஆனால் எழுதும்போது எழுத்துக்குக் கால் போட மறந்துவிடுகிறார். அவர் எழுதினால் நான் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். எனக்கு இப்போது அதற்குத் தெம்பு இல்லை.

என் வீட்டுக்காரர் தனசீலன் மாதுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பிட்டராக வேலை பார்த்தார். பார்வை மங்கிப்போனதால் இரண்டு வருடத்துக்கு முன்னால் வேலையிலிருந்து நின்றுவிட்டார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவருக்குத் தினமும் காலையில் பதினெட்டு யூனிட், மாலையில் பதினெட்டு யூனிட் இன்சுலின். ஊசியைக் கொதிக்க வைத்து ஆறவைத்து நான்தான் போடுவேன். கணக்குப் பார்த்தால் பத்தாயிரம் ஊசிக்கு மேல் போட்டிருக்கிறேன். வலித்தால் என் மண்டையில் ஒரு குட்டு வைப்பார். பெரிய குட்டு இல்லை. பள்ளிக்கூடத்தில் நானும் பிள்ளைகளுக்கு அப்படி வைத்திருக்கிறேன்.

ஐம்பத்தெட்டில் என் அம்மா இறந்துபோன தந்தி வந்தது. ஊருக்குப் போய்த் திரும்ப எட்டு நாள் ஆகும். எட்டு நாளுக்குப் பதினாறு ஊசி.

"செத்துப்போனவளுக்கு நீ போயி என்னத்தப் பண்ணப் போற? எனக்கு ஊசி யாரு போடுவா?" என்று கேட்டார்.

அது நியாயமான கேள்விதான். நான் போகவில்லை. அன்று சாயங்காலமும் பதினெட்டு யூனிட் போட்டேன். பாந்திரா மாதா திருவிழா பஸ்ஸில் ஏறினால் முக்கால் மணி நேரம். அதற்கும் பதினான்கு வருடமாகப் போனதில்லை. கும்பலில் மாட்டிக்கொண்டு மாலை ஊசிக்கு நேரமாகிவிட்டால் என்ன செய்வது?

துரை ஏழு வருடத்துக்கு முன்னால் தானாக வந்த பூனை. துரை என்பது நான் வைத்த பெயர், சாப்பிட்டுவிட்டுத் தட்டை நகர்த்திவிட்டுப் போகிற தோரணைக்காக. என் வீட்டுக்காரருக்கு விலக்கிய பால்சோறும் சீனி போட்ட ரொட்டியும் மிஞ்சினபோதெல்லாம் அதற்குத்தான் போயிற்று. வியாதியும் கூடவே போயிருக்கிறது. இந்த வருடம் ஜூன் மாதம் துரை குடம் குடமாகத் தண்ணீர் குடித்தது, எலும்பும் தோலுமாக ஆகிவிட்டது. பைக்குள் போட்டுக்கொண்டு பரேலில் இருக்கும் மிருக ஆஸ்பத்திரிக்குப் போனேன். வயதான பார்சி டாக்டர் பார்த்தார். காலையில் இரண்டு யூனிட், மாலையில் இரண்டு யூனிட், இதே மனுஷ மருந்துதான் என்றார்.

"பாயி, ரோஜ் தோ டைம். ஏக் டைம் பி சூக்னா நஹீ" என்றார். ஒரு வேளைகூடத் தவறக் கூடாதாம். பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"யானைக்கு ஒரு காலம் வந்தா பூனைக்கும் ஒரு காலம் வரும்னு சொல்லுவாவ. எனக்குள்ள ஊசி இப்பம் பூனைக்கு" என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அன்றைக்கு அவர் நல்ல மனநிலையில் இருந்தார்.

பூனைக்கு ஊசி போடுவது கஷ்டம் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கழுத்துக்குப் பின்னால் தோலை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாய்வாகக் குத்த வேண்டும். அது சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது குத்தினால் தெரியாது. நாலாம் நாளிலிருந்து துரை தானாகவே வந்து என் மடியில் உட்கார்ந்துகொண்டது. குத்தி முடித்ததும் என் கையை நக்கும். ஊசி போட்ட கைக்கு ஒரு மரியாதை கிடைத்தது எனக்கு அதுதான் முதல் தடவை. சொல்லப்போனால் அழுகை வந்தது.

சோதனையைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது. கண்ணாடிக் குழாயில் நீல மருந்து ஊற்றி, எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டு, ஸ்டவ்வில் காட்டிக் கொதிக்க வைக்க வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிக்கொண்டே போய்ச் செங்கல் நிறம் வந்தால் மோசம். துரைக்கு ஒரு தகரத் தட்டில் மண்ணுக்குப் பதிலாகக் கூழாங்கல் போட்டு வைத்தேன். அடியில் தேங்குவதை எடுத்துக்கொள்வேன். மரத் தாங்கியில் இடப்பக்கம் அவருடைய குழாய், வலப்பக்கம் துரையுடையது.

காலை ஜெபம் முடிந்ததும் அவருடைய குழாயைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுவேன். மங்கின கண்ணுக்கு எழுத்து தெரியாது, ஊசியின் கோடு தெரியாது, ஆனால் நிறம் மட்டும் அவருக்குத் தெரியும். நீலம் என்றால் "சர்வேசுரனுக்குத் தோத்திரம்" என்று சிலுவை போட்டுக்கொள்வார். நிறத்தை நான் ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். மாதம் ஒரு தடவை அவருடைய டாக்டர் அந்த நோட்டைப் பார்ப்பார். பதினான்கு வருடமாக என் எழுத்தைப் பார்த்துத்தான் அவர் வைத்தியம் பார்த்து வந்தார்.

செப்டம்பரில் பாகிஸ்தானோடு சண்டை வந்தது. எல்லாரும் சன்னலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டினோம். கிங்ஸ் சர்க்கிளில் நான் வழக்கமாக மருந்து வாங்கும் கடையில் கடைக்காரர் வேங்கடசுப்ரமணியன் ஒரே ஒரு குப்பியை எடுத்து வைத்தார்.

"ஒண்ணே ஒண்ணுதாம்மா இருக்கு. அடுத்தது எப்போ வரும்னு நேக்கே தெரியாது" என்றார்.

ஒரு குப்பியில் நானூறு யூனிட். வீட்டுக்கு நடந்து வரும்போதே கணக்குப் போட்டுவிட்டேன். என் வீட்டுக்காரருக்குப் போட்டால் பதினோரு நாள் வரும். துரைக்குப் போட்டால் நூறு நாள் வரும். பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புப் பிள்ளைகள்கூடப் போடக்கூடிய கணக்கு இது.

விஷயத்தைச் சொன்னபோது அவர், "அப்பம் அந்தப் பூனைக்குப் போடுதத இன்னையோட நிப்பாட்டு" என்றார்.

சரி என்று சொன்னேன். அவருக்கு நான் சொல்லி வந்த பதில் எப்போதும் அதுதான்.

மாதா பிறந்த திருநாளுக்கு முந்தின நாள் அவருக்குப் பாதி மருந்து, பாதி கொதித்து ஆறிய தண்ணீர் வைத்துப் போட்டேன். இரண்டாவது வாரம் கால் பங்கு. அதற்குப் பிறகு முழுக்கத் தண்ணீர். அவருடைய மருந்து பார்ப்பதற்குத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். பதினெட்டாம் கோடு வரைக்கும் சரியாக இழுத்துத்தான் போட்டேன். துரைக்கு அது மடியில் வந்து உட்காரும்போது இரண்டு யூனிட். நான் செய்தது எல்லாம் துரைக்காகத்தான். அதை இங்கே தெளிவாக எழுதிவிடுகிறேன்.

இடப்பக்கக் குழாய் நாலே நாளில் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. அதைக் காட்டினால் மனிதர் பயந்துபோவார். ஆகவே காலையில் வலப்பக்கக் குழாயை எடுத்துக் காட்டினேன். நல்ல நீலம். நோட்டிலும் நீலம் என்றே எழுதினேன். அவர் தோத்திரம் சொன்னார். ரொம்ப நாளாக நீலமாகவே இருப்பதைப் பார்த்து அவருக்குத் தைரியம் வந்துவிட்டது.

"நீலமாத்தான இருக்கு. காப்பியில அரைக் கரண்டி சீனி போடு" என்றார்.

கேட்டார், போட்டேன். பிறகு ஒரு கரண்டி ஆயிற்று. பதினான்கு வருடத்துக்குப் பிறகு சீனி போட்ட காப்பி குடித்துவிட்டு, என் கையைத் தட்டிக்கொடுத்தார். அந்த இரண்டு மாதத்தில் குட்டே விழவில்லை. தண்ணீர் அவ்வளவாக வலிக்காதுபோல.

அக்டோபர் முதல் வாரம் கடைக்குச் சரக்கு வந்துவிட்டது. வழக்கம்போல வாங்கி வந்து அலமாரியில் வைத்தேன். இன்னொரு சண்டை வரலாம், துரைக்கு வேண்டியிருக்கும் என்று பிரிக்காமல் வைத்திருந்தேன்.

அவருக்குத் தாகம் அதிகமானது. சட்டை தொளதொளவென்று ஆயிற்று. செருப்பு கடித்த கால் விரல் ஆறவில்லை. டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, சர்க்கரை நன்றாகக் கட்டுப்பட்டிருக்கிறது, இது டி.பி.யாக இருக்கலாம் என்று எக்ஸ்ரேக்கு எழுதிக் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். என் நோட்டு சுத்தமாக இருக்கும்.

மாதாமாதம் முதல் வெள்ளிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போவது என் வழக்கம். அக்டோபரிலும் போனேன், நவம்பரிலும் போனேன். பக்கத்து அறை ஷ்யாமளாவோடு குழாயடியில் சண்டை போட்டதைச் சாமியாரிடம் சொல்லி, மூன்று அருள்நிறை மந்திரம் தபசாகப் பெற்றுக்கொண்டேன். இதைச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை ஐயா. சொல்வதற்கு ஒன்று இருக்கிறதாகவே அப்போது தோன்றவில்லை. கோபம் இருந்தால் பாவம் என்று தெரிந்திருக்கும். எனக்குக் கோபமே இல்லை. அசதியாக இருந்தது. ஊசியைக் கொதிக்க வைத்து, ஆறவைத்து, இழுத்து, குத்தி, கழுவி, மறுபடி கொதிக்க வைக்கிற அசதி. அது கோபத்தைப்போல ஏறி இறங்குவதில்லை.

நவம்பர் இருபத்தைந்தாம் தேதி அவரை எழுப்ப முடியவில்லை. மூச்சில் பழம் அழுகின வாசம் வந்தது. ஷ்யாமளாவின் வீட்டுக்காரர் டாக்ஸி பிடித்துவந்தார். ஆஸ்பத்திரியில் ஒரு இளவயது டாக்டர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, என்னையும் என் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். இருபத்தேழாம் தேதி காலையில் என் வீட்டுக்காரர் காலமானார். அவரைக் கொன்றது நான்தான். அந்த டாக்டர் கேட்ட உடனேயே ஆமாம் என்று சொல்லிவிட்டேன், என்னைத் தேட வேண்டியிருக்கவில்லை.

இவ்வளவையும் எழுதி ஹவல்தார் பூலோகத்திடம் கொடுத்தேன். அவர் உதட்டை அசைத்து அசைத்துப் படித்தார். படித்து முடித்ததும் தாள்களை அடுக்கி வைத்தார். பிறகு மெதுவாக ஒன்று கேட்டார்.

"யக்கா, நீங்க இங்க வந்து ரெண்டு நாளாச்சே. அந்தப் பூனைக்கு இப்பம் யாரு ஊசி போடுதா?"

அவர் கேட்டதால் இதையும் எழுதிச் சேர்க்கிறேன். துரை இப்போது இல்லை. அக்டோபர் பத்தொன்பதாம் தேதி மெயின் ரோட்டில் லாரியில் அடிபட்டு அங்கேயே இறந்துவிட்டது. என் பழைய சேலைத் துணியில் சுற்றி, கழிமுகத்துப் பக்கம் சேற்றில் புதைத்துவிட்டு வந்தேன். அவரிடம் சொல்லவில்லை. அன்று மாலையும் பதினெட்டாம் கோடு வரை தண்ணீர் இழுத்து அவருக்குப் போட்டேன். அதற்குப் பிறகு முப்பத்தாறு நாள், இரண்டு வேளையும் அப்படியே போட்டேன். காலையில் வலப்பக்கக் குழாயில் சிறுநீருக்குப் பதிலாக எட்டுச் சொட்டுக் குழாய்த்தண்ணீர் விட்டேன். அதுவும் நல்ல நீலமாகத்தான் இருந்தது.

அலமாரியில் நான்கு குப்பி பிரிக்காமல் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளலாம். துரைக்காகத்தான் செய்தேன் என்று மேலே ஒரு இடத்தில் எழுதியிருக்கிறேன். தயவுசெய்து அதை மட்டும் அடிக்க வேண்டாம்.