நைனா

பள்ளிப்பட்டிலிருந்து திருத்தணிக்கு வந்த பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"அப்பன் சாவுக்கு நீ அழவே இல்லியாமே?" என்றாள் மூத்தவள்.

"எந்தம்பி எங்க அழ வுட்டான்க்கா? நைனான்னு வாயெடுத்தேன். அது தெலுங்காம். 'திருத்தணி ஆந்திராவுக்கில்ல, தமிழனுக்குன்னு மேடையில பேசிக்கினு கீறேன், கட்சிக்காரங்கல்லாம் வந்திருக்காங்க, அப்பான்னு அழு'ன்னான்."

"அப்படியே அழுதிருக்கலாமேடி?"

"பொறந்ததுலேர்ந்து அவர நான் அப்பான்னு கூப்பிட்டதே இல்லக்கா. வேற யாரையோ கூப்புடற மாதிரி இருந்துது. வாய மூடிக்கினேன்."

"இப்பதான் தம்பி பக்கத்துல இல்லியே."

இளையவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "நைனா" என்றாள்.

முன்னால் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு பெரியவர், "என்னம்மா?" என்று திரும்பினார்.