தனேஸ்வரி அக்காவுக்கு நாம் கொடுக்காத மேடை

சங்கத் தலைவர் இளங்கீரன் அவர்களே, முன்னாள் தலைவர் மகாதேவன் அண்ணா அவர்களே, முன்வரிசையில் இருக்கும் தனேஸ்வரி அக்காவின் மகள் லீனா அவர்களே, டார்னெய்ட், கிரெய்கிபர்ன் புறநகர்களிலிருந்து வேலை முடிந்த கையோடு வந்திருக்கும் உறவுகளே, வணக்கம்.

எனக்குப் பின்னால் ஒரு பதாகை தொங்குகிறது. ‘மெல்பேர்ண் தமிழர்களின் பெருமை, இசைச்செல்வி தனேஸ்வரி’ என்று பொன்னெழுத்தில் போட்டிருக்கிறீர்கள். பெருமையா? எப்போதிலிருந்து? அவர் கண்மூடிய போன செவ்வாய்க்கிழமையிலிருந்தா?

அழுதுவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். இதைப் பார்த்த பிறகு அழுகை வரவில்லை. கோபம் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலாயாவின் ஈப்போவில் பிறந்தவர் தனேஸ்வரி அக்கா. பத்தொன்பது வயதில், 1957இல், தாதிப் பயிற்சிக்காக இந்த நகரத்துக்கு வந்தார். ஆஸ்பத்திரியின் நத்தார், அதாவது கிறிஸ்மஸ், விழாவில் அவர் பாடியதைக் கேட்ட ஒரு தொலைக்காட்சித் தயாரிப்பாளர் அடுத்த வாரமே கூப்பிட்டார். அப்போது இந்த ஊருக்குத் தொலைக்காட்சி வந்தே ஓராண்டுதான். நம் நிறத்தவர்களுக்கு இந்த நாட்டில் குடியேறவே கதவு திறக்காத காலம். ‘உன் பெயர் யார் வாயிலும் நுழையாது. இன்றுமுதல் நீ டானா லோபெஸ். ஊர் ஸ்பெயின்’ என்றார்கள். தலையில் ஒரு சிவப்புப் பூவையும் செருகிவிட்டார்கள். கறுப்பு வெள்ளைத் திரையில் சிவப்பு!

“நான் ஸ்பெயினை மேப்புலகூட சரியா பார்த்ததில்லம்மா” என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார்.

மூன்று ஆண்டுகள், ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் பாடினார். நகைச்சுவைக் காட்சிகளில் நடித்தார். டிராமில் ஏறினால் பிள்ளைகள் கையெழுத்துக் கேட்பார்கள், டானா லோபெஸின் கையெழுத்தை. 1960இல் ஒருநாள், நேரடி ஒளிபரப்பில், நிகழ்ச்சி நடத்துபவர் விளையாட்டாகக் கேட்டார்: ‘உங்கள் மாட்ரிட்டில் இப்போது வெயிலா, டானா?’

அக்கா என்ன சொன்னார் தெரியுமா? ‘எனக்குத் தெரியாது. என் ஊர் ஈப்போ. என் பெயர் தனேஸ்வரி. நான் தமிழ்ப் பெண்.’ சொல்லிவிட்டு, ரப்பர் பால்மரத் தோட்டத்துப் பெண்கள் பாடும் ஒரு கேலிப் பாட்டைத் தமிழிலேயே பாடினார். வாத்தியக்காரர்கள் திகைத்து நிற்க, டிரம்ஸ் வாசித்த ஜார்ஜ் மட்டும் தாளம் போட்டார். அந்த ஜார்ஜைத்தான் பிறகு கல்யாணம் செய்தார். லீனா, உங்கள் அப்பா நல்ல மனிதர்.

அடுத்த வெள்ளிக்கிழமை அக்காவின் இடத்தில் வேறொருத்தி பாடினாள். அவர் பாடிய நாடாக்களின்மேல் குதிரைப் பந்தயத்தைப் பதிவு செய்தார்கள். மூன்று ஆண்டு உழைப்பில் ஒரு நிமிடம்கூட இன்று இல்லை. அக்கா தாதி வேலைக்குத் திரும்பிப் போனார்; வார இறுதிகளில் ஜார்ஜின் குழுவோடு கிளப்புகளில் பாடினார்.

வெள்ளைக்காரன் செய்தான் என்று பெருமூச்சு விடுகிறீர்கள். விடாதீர்கள். நாம் செய்ததை இனிமேல்தான் சொல்லப்போகிறேன்.

1994. நம் சங்கத்தின் ஆண்டு விழா. அக்கா தானாகவே தொலைபேசியில் கேட்டார்: “ஒரே ஒரு தமிழ்ப் பாட்டு பாடட்டுமா?” எங்கள் வீட்டில் செயற்குழு கூடியது. நான் குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். தலைவரின் குரல் கேட்டது.

“கிளப்பில பாடின மனிசி. வெள்ளைக்காரனைக் கட்டினவ. எங்கட பிள்ளையளுக்கு முன்னால ஏத்தலாமோ?”

மகாதேவன் அண்ணா, தலையைக் குனியாதீர்கள். அதைச் சொன்னது நீங்கள். ஆனால் கடிதம் எழுதிய செயலாளர் யார்? இந்தச் சிவகௌரி! கையெழுத்து என்னுடையது. ‘கேளிக்கை விடுதிகளில் பாடுவோர் சங்க மேடையில் ஏறலாகாது’ என்று அன்றைக்கே ஒரு விதியும் எழுதினேன்.

நான்கு நாள் கழித்து அக்கா என்னை அழைத்தார்.

“கடிதம் அழகா எழுதியிருக்கீங்க, சிவகௌரி. என் பேருலதான் ஒரு எழுத்தை விட்டுட்டீங்க.”

எந்தப் பெயருக்காகத் தன் பிழைப்பையே விட்டாரோ அந்தப் பெயர்! டானா லோபெஸ் என்று மாற்றியவன்கூட அந்தப் பொய்ப் பெயரைப் பிழையில்லாமல் எழுதினான். நான் என்ன செய்தேன்? எழுத்துப் பிழைக்கு மட்டும் மன்னிப்புக் கேட்டேன். மற்றதற்கு மன்னிப்புக் கேட்க எனக்குப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின.

கேட்கப் போனபோது கதவைத் திறந்து, “வாங்க, ரேடியோவுல புதன்கிழமை ஆள் வேணும்” என்றார். அன்றுமுதல் சமூக வானொலியில் பன்னிரண்டு ஆண்டுகள் ஒன்றாக நிகழ்ச்சி நடத்தினோம். முதியோர் இல்லங்களில் கிடக்கும் நம்மவர்கள் தொலைபேசியில் பாட்டுக் கேட்பார்கள். பதிவு கிடைக்காவிட்டால் அக்கா தானே பாடிவிடுவார். ஒருநாள் கேட்டேன்: “எங்களில உங்களுக்குக் கோபமே இல்லையோ அக்கா?”

“நிறைய இருக்கு. அதை வச்சுத்தான் மேல் ஸ்தாயியைப் பிடிக்கிறேன்.”

அந்தக் கோபத்தை யார் ஆற்றினோம்? எண்பத்தாறு வயதுவரை இந்த மேடைக்கு ஒருமுறையாவது அழைத்தோமா? இல்லை! படத்தைத்தான் ஏற்றியிருக்கிறோம், மாலை போட்டு.

இன்னும் கேளுங்கள். போன மாதம், பிரவீணா என்ற பிள்ளையின் பெயரை ஆண்டு விழாப் பட்டியலிலிருந்து அடித்தீர்கள். வார இறுதியில் ஒரு மதுவிடுதியில் கிற்றார் வாசித்துப் பாடுகிறாள் என்று. எந்த விதியைக் காட்டி? நான் எழுதிய அதே விதியைக் காட்டி! தனேஸ்வரியைப் பெருமை என்கிறீர்கள், தனேஸ்வரி செய்ததைச் செய்கிறவளை வெளியே தள்ளுகிறீர்கள்.

புதன்கிழமை நிகழ்ச்சி நிற்காது. என் மூச்சு இருக்கும்வரை நடத்துவேன். ஆனால் அந்த விதி இன்றைக்கே சாக வேண்டும். தலைவர் இளங்கீரன் அவர்களே, தலையாட்டினால் போதாது, வாயால் சொல்லுங்கள். ‘ஓம், விதியை எடுத்துவிடுகிறோம்’ என்கிறார். எல்லோருக்கும் கேட்டதா? லீனா, உங்களுக்குக் கேட்டதா?

அடுத்ததாக ஒரு நிமிட மௌன அஞ்சலி என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கிறது. வேண்டாம். முப்பது ஆண்டு மௌனம் போதும்.

எல்லோரும் எழுந்து நில்லுங்கள். பின்வரிசையில் இருக்கும் பிரவீணா, உன் கிற்றாரை எடுத்துக்கொண்டு மேலே வா, பிள்ளை. ஒலிவாங்கி உனக்குத்தான்.