ஒஹாயோவிலிருந்து வரும் கத்திகள்

— அவசரப்படாதட்டி. கையத் தொடச்சிட்டுத் தொடு. வேர்வை பட்டா அலகு கறுத்துப்போகும்.

— தொடச்சிட்டேன் அத்தை. உங்க மகன் எனக்கு ஏதும் எழுதி வச்சிருக்காங்களான்னுதான் பெட்டிக்குள்ள தேடுனேன்.

— உமாசங்கர் அவன் அம்மைக்குக் கத்தி அனுப்பியிருக்கான். உனக்குக் கடுதாசி அனுப்பல. இது என்ன மாடல், சொல்லு பாப்போம்.

— மூணு அலகு. உடம்பு பாம்பு மாதிரி வளைஞ்சிருக்கு. ஸ்டாக்மேன். அமெரிக்காவுல மாடு மேய்க்கவங்க பையில வச்சிருந்தது.

— எதுலருந்து பொறந்தது?

— கேட்டில் நைஃப்ல இருந்து. அது தடியா, நேரா, ரெண்டு முனையும் ஒண்ணுபோல இருக்கும். பையில உறுத்துதுன்னு பெறகு ஒல்லியாக்கி வளைச்சாங்க.

— அந்த மொட்டமூக்கு அலகு எதுக்கு?

— காளக்கன்னுக்குக் காயடிக்க. கூரா இருந்தா வேற எடத்துல குத்திரும்லா.

— பரவால்ல. வடகரையில இருந்து கல்யாணமாகி வரும்போது உனக்கு அருவாமணையத் தவிர ஒண்ணும் தெரியாது.

— மூணு வருசமா நீங்கதான சொல்லித்தாரீங்க. உங்க காலுக்கு எண்ணெ தேய்க்கும்போதெல்லாம் கத்திப் பேச்சுதான.

— காலேஜ்ல பாட்டனி எடுத்த வாய் சும்மா இருக்குமா. குத்தாலத்து மலைக்குச் செடி பறிக்க வந்த அமெரிக்காக்காரர் விட்டுட்டுப் போன பார்லோதான் என் மொதக் கத்தி. அதுலருந்து பிடிச்ச கிறுக்கு. ஆனா உன்ன மாதிரி டக்குடக்குன்னு பதில் சொன்ன பிள்ளைய நான் கிளாஸ்லகூடப் பாக்கல.

— இந்த மாசமாவது எனக்கு விசா வருமா அத்தை?

— அதுக்குத்தான் வாரேன். அலமாரியத் தொற. மேல்தட்டுல இருக்கது அவன் மொதல்ல அனுப்புனது. கீழ்த்தட்டு, போன தீவாளிக்குப் பெறகு வந்தது. வித்தியாசம் சொல்லு.

— எதுக்கு அத்தை இப்ப?

— சொல்லு பாப்போம்.

— மேல உள்ளது எல்லாம் பளபளன்னு கெடக்கு. மிஷின்ல போட்டுப் பாலிஷ் புடிச்சதுல கம்பெனி முத்திரை பாதி அழிஞ்சிட்டு. தோல் உறையில வச்சே அனுப்புனதுல பித்தளை பச்சை பூத்திருக்கு.

— கீழ?

— ஒண்ணுலகூடப் பாலிஷ் இல்ல. எலும்புப் பிடி மாத்தாதது. முத்திரை முழுசா இருக்கு. எண்ணெ தடவி, துணியில சுத்தி, பதனமா வந்திருக்கு.

— ரெண்டும் ஒரே ஆளு பொறுக்குனதா?

— தெரியல அத்தை.

— தெரியும். சொல்லு.

— மேல உள்ளது ஒண்ணும் தெரியாதவங்க வாங்குனது. கீழ உள்ளது நல்லாத் தெரிஞ்ச ஆளு. உங்க மகன் படிச்சுக் கத்துக்கிட்டிருப்பாங்க. நான் கத்துக்கிடலையா?

— அவனா? அவனுக்குப் பார்லோவும் ஒண்ணுதான், பாக்குவெட்டியும் ஒண்ணுதான். இன்னைக்கு வந்த துணியப் பாரு.

— பழைய துணி. பூப்போட்டது.

— சரியாப் பாரு.

— ஓரத்துல லேஸ் இருக்கு. நைட்டி கிழிச்ச துணி.

— ம். அப்புறம்?

— வித்த கடைக்காரங்க சுத்தியிருப்பாங்க.

— பெட்டி மேல யாரு வீட்டு அட்ரஸ்?

— உங்க மகன் வீடு.

— அப்ப?

— போதும் அத்தை. கால நீட்டுங்க, எண்ணெ தேய்ச்சு விடுதேன்.

— பாதிக் கேள்விக்கு நான் மார்க் போடுததில்ல.

— அவங்க வீட்டுல ஒரு பொம்பள இருக்கா.

— நூத்துக்கு நூறு. அவ அப்பனுக்கு அந்த ஊருச் சந்தையில பழைய கத்தி ஏவாரம். பொறுக்குத கண்ணு அவளுக்கு அங்கருந்து வந்தது.

— உங்களுக்குத் தெரியுமா?

— நீ காய் வாங்க மேலகரம் போனப்பல்லாம் போன்ல பேசுவோம். இங்கிலீஷ்தான். கத்தியப் பத்திப் பேச ஆரம்பிச்சா நேரம் போறதே தெரியாது.

— அப்ப என் விசா?

— அவன் எழுதிப் போட்டாத்தான விசா. போடவே இல்ல.

— எங்க அண்ணன்கிட்டச் சொல்லுவேன்.

— சொல்லேன். பொங்கலுக்குப் போனவள உங்க மதினி ஒரு ராத்திரி தங்க விட்டாளா? பையத் தூக்கிட்டு இங்கதான திரும்பி வந்த.

— அத்தை.

— அலகத் தொறந்து வச்சிக்கிட்டு நிக்காத. மடக்கு. கண்ணீரு வேற சொட்டுது, துரு ஏறிரும்.

— இப்ப நான் என்ன செய்யணும்?

— சாரல் விழுந்ததும் அவளக் கூட்டிட்டு வாரான். மாடி ரூம ஒழிச்சிட்டு நீ கீழ எங்கூடப் படுத்துக்கோ. உன்ன நான் வீட்டோட இருக்க நர்ஸுன்னுதான் அவகிட்டச் சொல்லியிருக்கேன். ரெண்டுபேரும் மாத்திப் பேசிரக் கூடாது.

— தீவாளிக்குப் பெறகு வந்தவதான அத்தை. ஒரு வருசம்கூட ஆகல. நான் அவளுக்கு முந்தி வந்தவ. நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவங்க விட்டுருவாங்க.

— அங்கதான் தப்பு விடுத. தீவாளிக்குப் பெறகு அவ கத்தி பொறுக்கத்தான் ஆரம்பிச்சா. உன் கழுத்துல தாலி கட்ட அவன் பிளேன் ஏறுன வாரந்தான் எம் பேரன் அங்கன மொத எட்டு எடுத்து வச்சு நடந்தான்.