தொலையாத ஃபைல்

பழைய புரோகிராம் திறக்கவில்லை, ஏதோ சிஸ்டம் ஃபைலைக் காணோம் என்கிறது என்று பதறிக்கொண்டு வருகிறவர்களை முதலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பேன். பெரும்பாலும் அது பத்து நிமிட வேலை. பழைய சிடியிலிருந்து அந்த ஒரு ஃபைலை எடுத்து, புரோகிராம் இருக்கும் ஃபோல்டரில் போட்டால் போதும். கண்ட கண்ட இணையதளத்திலிருந்தெல்லாம் இறக்கி வைக்காதீர்கள் என்று மட்டும் திட்டி அனுப்புவேன். பதினெட்டு வருடக் கடை. கைராசிக்காரன் என்று பெயர்.

நீங்கள் கேட்டது அப்பாவைப் பற்றி. சொல்கிறேன்.

பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்கு மிஞ்சியது வலது கை கட்டைவிரல் ஒன்றுதான். அதன் கீழே ஒரு பொத்தான் வைத்திருந்தேன். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக மினுங்கும். வேண்டிய எழுத்து வரும்போது அழுத்துவார். வரி முடிந்ததும் கம்ப்யூட்டர் அதைப் படித்துக் காட்டும். அந்தப் புரோகிராமைச் செய்தவர்கள் எப்போதோ மூட்டை கட்டிவிட்டார்கள். அதற்காகவே ஒரு பழைய கம்ப்யூட்டரைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றி வந்தேன். ஒரு வரிக்குக் கால் மணி நேரம் ஆகும். அவ்வளவு பாடுபட்டு அவர் சொல்வது, "ஷேவிங் சரியில்ல. தாடையில விட்டுட்ட."

நான்கு வருடம் நான்தான் பார்த்துக்கொண்டேன். குளிப்பாட்டினேன், புரட்டிப் படுக்கவைத்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குறையாகச் சொல்லவில்லை, எனக்கு அவர் போதும்.

அப்போதுதான் தங்கை போன் செய்தாள். "அண்ணா, ஞாயித்துக்கிழமை வரேன். யார் வீட்டுல இருக்கணும்னு அப்பாவையே கேட்போம். அவர் சொல்றபடி செய்வோம்."

நியாயமான பேச்சு. அவள் வீட்டில் பேரப்பிள்ளைகள் இருந்தார்கள், வெயில் விழும் அறை இருந்தது. அப்பா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை மதியம் அவர் தூங்கும்போது, அந்தப் புரோகிராம் திறக்கத் தேவையான அந்த ஒரு ஃபைலை எடுத்தேன். அழிக்கவில்லை, நான் அப்படிப்பட்டவன் இல்லை. 'அப்பா' என்று ஒரு புது ஃபோல்டர் திறந்து அதில் பத்திரமாக வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை புரோகிராம் திறக்கவில்லை. ஃபைலைக் காணோம் என்ற செய்தியைத் தங்கையே படித்தாள். "தேடிப் பார்க்கறேன், இந்த ஃபைல் இப்போ கிடைக்கறது கஷ்டம்" என்றேன். என் தொழிலே இது என்பதால் அவள் வேறு யாரிடமும் கேட்கவில்லை.

"அப்பா, இங்கயே இருக்கீங்களா?" என்று குனிந்து கேட்டாள். அவர் பொத்தானை அழுத்தினார். திரும்பத் திரும்ப அழுத்தினார். டக், டக், டக். திரை அப்படியே இருந்தது.

"ஆமான்னு சொல்றார்" என்றேன்.

அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. கண் கொஞ்ச நாளாகவே சரியில்லை என்று சொன்னேன். தங்கை சொட்டு மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். நான் அதைத் தவறாமல் மூன்று வேளையும் விட்டேன்.

அடுத்த வாரமெல்லாம் அந்த டக் டக் ஓயவில்லை. பொத்தான் வீணாகத் தேய்கிறதே என்று கழற்றி மேசை இழுப்பறையில் வைத்தேன். அதன்பின் வீடு அமைதியாக இருந்தது. ஏழு மாதம் இருவரும் சண்டை சச்சரவு இல்லாமல் இருந்தோம். மாலையில் கடையில் நடந்ததையெல்லாம் அவரிடம் சொல்வேன். அவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

கடைசியில் குடல் அழுகிவிட்டது என்றார்கள். "பல நாள் வலிச்சிருக்கணுமே, எதுவும் சொல்லலையா?" என்று டாக்டர் கேட்டார். "அவரால பேச முடியாதுங்க" என்றேன். அது பொய்யில்லை.

காரியமெல்லாம் முடிந்தபின் தங்கை அந்தக் கம்ப்யூட்டரை ஞாபகமாக வைத்துக்கொள்ளக் கேட்டாள். கொடுத்தேன். அவள் வேறொரு கடைக்காரரிடம் காட்டியிருக்கிறாள். அவருக்கும் பத்து நிமிடம்தான் ஆகியிருக்கும். ஃபைல் தொலையவே இல்லை, நகர்த்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று அவர் சொன்னதாக அழுதாள். அதன்பின் என்னோடு பேசுவதில்லை.

ஆமாம், நான்தான் எடுத்தேன். மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் ஒன்று மட்டும் மனதை அறுக்கிறது. அந்த ஏழு மாதத்தில், தங்கையிடம் போகவேண்டும் என்று அவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நானே கொண்டுபோய் விட்டிருப்பேன். கடைசிவரை சொல்லவே இல்லை.