கிளட்ச் இல்லாத வண்டி

— என்னப்பா நல்லசாமி, கீழே குனிஞ்சு என்னத்தத் தேடுற? உன் பக்கம் ஸ்டேரிங் கெடையாது. இது அமெரிக்கா வண்டி. ஓட்டுறவன் எடப்பக்கம், வேடிக்கை பாக்குறவன் வலப்பக்கம்.

— ஸ்டேரிங்கத் தேடலைங்க டிரைவரய்யா. உங்க காலைத்தான் பாக்குறேன். கவுஞ்சியில ஏறுனதுல இருந்து எடது காலு அசையவே இல்லையே. மரத்துப் போச்சா?

— மரத்துப் போகல, லீவுல இருக்கு. இந்த வண்டிக்குக் கிளட்ச் கெடையாது. ரெண்டே பெடல். ஒண்ணு ஓட, ஒண்ணு நிக்க. கியரை அதுவே மாத்திக்கும். எடது காலை வீட்டுல கழட்டி வச்சுட்டு வந்தாலும் ஓடும்.

— நெசமாவா?

— எழுபத்தொண்ணுல ஸ்கூல் தொரை கப்பல்ல எறக்குனப்ப இருந்து ஓட்டுறேன். இந்த மரியசெல்வம் பொய் சொல்வானா?

— அப்ப ஒத்தக் காலு போதும்ங்கிறீங்க.

— கால் போதும். தலை வேணும். அந்தச் சேனாதிபதிக்கு அதுதான் இல்ல.

— திண்டுக்கல் லாரிக்காரருங்களா?

— அவனேதான். ஸ்கூல் வண்டியை விக்கப் போகுதுன்னு காதுல விழுந்ததும் மொத ஆளா வந்து நின்னான். வாங்குன மறுநாளே இந்தக் கியர் பெட்டியைப் புடுங்கி எறிஞ்சுட்டு லாரிப் பெட்டியை மாட்டுவானாம். என் மூஞ்சிக்கு நேராச் சொல்லுறான்!

— நானும் கேட்டிருக்கேனுங்களே. பிரின்சிபால் என்ன சொன்னாரு?

— ‘பெட்டியை நோகாம வச்சுக்கிற ஆளு யாருன்னு நீயே கைகாட்டு, மரியசெல்வம். அவனுக்கே குடுத்துரலாம்’னாரு. அதான் உன்னைப் பக்கத்துல ஏத்தியிருக்கேன். டவுனுக்குள்ள போறதுக்கு முன்னாடி உன்னை நான் எடை போட்டாகணும்.

— போடுங்க.

— மொதல்ல ஒண்ணு சொல்லு. நீ பொதிக்குதிரை வச்சுக் கிளாவரை ஊர்ல இருந்து பூண்டு சுமக்குற ஆளு. ஜீப்பு வாங்கலாம், பழைய லாரி வாங்கலாம். ஊரே வேண்டாங்குற கியர் பெட்டி உள்ள இந்த வண்டி மேல மட்டும் ஏன் இம்புட்டு ஆசை?

— சங்கதி இருக்குங்க. அதுக்கு முன்னாடி, பெட்டிக்குள்ள என்னதான் இருக்கு? அதுவே கியரை மாத்துதுன்னா உள்ள ஆளா உக்காந்திருக்கான்?

— ஒரு ஆள் இல்ல, அண்ணன் தம்பி ரெண்டு பேரு. அண்ணன் இஞ்சின் பக்கம், தம்பி சக்கரத்துப் பக்கம். எதிரெதிர ரெண்டு காத்தாடின்னு வச்சுக்க. ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கெடையாது, ஒருத்தர் மேல ஒருத்தர் படவும் மாட்டாங்க. நடுவுல ஒரு தூதுவன், செவப்பு எண்ணெய். அண்ணன் சுத்துனா எண்ணெய் ஓடிப்போயி தம்பியைத் தள்ளும். தம்பியும் சுத்துவான். சண்டை இல்லாமக் குடும்பம் நடக்கும்.

— அட! தூதுவன் படுத்துட்டா?

— குடும்பம் போச்சு. லோடை ஏத்திக்கிட்டு மேட்டுல மிதிமிதின்னு மிதிச்சா தூதுவனுக்குக் காய்ச்சல் வரும். செவப்பு கறுத்துப்போயி வாடை அடிக்கும்.

— கருப்பட்டி தீயுற மாதிரி.

— ஆமா... ஏய், உனக்கு எப்படித் தெரியும்?

— போன ஐப்பசி மழையில கவுஞ்சி மேட்டுல அடிச்சுச்சாமே. கெழங்கு மூட்டையோட ஏறுறப்ப கியரு மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு அலைபாஞ்சுச்சாம். கியர்க் கம்பியை ரெண்டுலயே புடிச்சு வச்சிருந்தா அலைஞ்சிருக்காதாம்.

— சேசுவே! அன்னைக்கு வண்டியில நான் ஒத்த ஆளுதான இருந்தேன்! எவன் சொன்னான்?

— எவனும் இல்லைங்க, என் மக அன்னக்கொடி. கவுஞ்சி டீக்கடைக்கு மேல எங்க வயலு. வரப்புல உக்காந்து பூண்டுத்தாள் அறுப்பா. வண்டி வளைவுல திரும்புறப்பவே ‘இந்தா, இப்ப மாறுது பாருங்க’ம்பா. கடையில நீங்க பேசுறது ஒண்ணு விடாமக் கேப்பா.

— பச்சைத் துண்டைத் தலையில போட்டுக்கிட்டு உக்காந்திருக்குமே, அந்தப் பிள்ளையா? டீ குடிக்கக் கூப்பிட்டாக்கூட எறங்கி வராதே. அம்புட்டுக் கர்வம்.

— கர்வம் இல்லைங்க. பள்ளிக்கூடத்துக்கே குதிரையிலதான் போயி வந்தா.

— குதிரையிலயா? மகாராணிதான் போ!

— ஒரே மகளுங்க. இப்பக் குதிரைக்கும் வயசாயிருச்சு. போன வாரம் பாதி மேட்டுல மடங்கி உக்காந்துருச்சு... டிரைவரய்யா, எதிர்ல பஸ்ஸு!

— பாத்துட்டேன், பாத்துட்டேன். உன் பக்கம் இருந்துதான் நல்லாத் தெரியும், சொல்லிக்கிட்டே வா. சரி, பரீட்சைக்கு வருவோம். இந்தா பூம்பாறை எறக்கம். நம்ம லாரிக்காரனுக இங்க என்ன செய்வானுக?

— நியூட்ரல்ல போட்டு உருள விட்டுருவாங்க. டீசல் மிச்சம்.

— நீ?

— எறக்கத்துல குதிரையை ஓட விட மாட்டோமுங்க. விட்டா பொதியே அதை முன்னால தள்ளிக் கவுத்துரும். ஏறுன நடையிலயே எறக்குவோம்.

— ரைட்டு! ஏறுன கியர்லயே எறங்கணும். இந்தா, கம்பியைக் கீழே தள்ளிட்டேன், இஞ்சின் முனகுது பாரு. அந்த முனகல்தான் இதுக்குக் கடிவாளம். சரி, சரிவுல நிறுத்தணும். எப்படி?

— மொதல்ல கைப்பிரேக்கு. அப்புறம்தான் கியரை ‘பார்க்கு’ல போடணும்.

— ஏன்?

— ஏன்னு தெரியலைங்க. நீங்க அந்த வரிசையிலதான் செய்வீங்களாம். மொதல்ல கொரகொரன்னு ஒரு சத்தம், பெறகு ‘டொக்’குன்னு ஒண்ணு. மாறுனதே இல்லையாம்.

— மாறுனா வண்டிப் பாரம் பூராவும் உள்ள இருக்குற ஒரு சின்னப் பல்லு மேல உக்காந்துக்கும். பல்லு போனா வண்டி தன்னால உருளும். அதைச் சத்தத்துலயே புடிச்சிருக்காளே! இந்தா மட்டமான எடம், நிறுத்திட்டேன். எறங்கு, கியர் பெட்டி எண்ணெயைக் காட்டுறேன்.

— இஞ்சினை அமத்தலையே?

— இஞ்சின் எண்ணெயைத்தான் அமத்திட்டுப் பாக்கணும். இதை ஓடவிட்டு, சூட்டோட பாக்கணும், மட்டமான எடத்துல. அளவுக் கம்பியை உருவுறேன், மோந்து பாரு.

— வாடையே இல்லைங்க. மாதுளம்பழச் சாறு கணக்கா இருக்கு.

— அப்படியேதான் இருக்கணும். கடைசிக் கேள்வி. பாட்டரி செத்துப் போச்சு. என்ன செய்வ?

— அது என்ன பெரிய சோலிங்க? ஊரைக் கூட்டி ஒரு தள்ளு...

— ஏலே, கெடுத்தியே! தள்ளினா இது கெளம்பாது. அண்ணன் எந்திரிக்காமத் தூதுவன் நகர மாட்டான். தூரத்துக்குக் கயிறு கட்டி இழுத்தாலும் மோசம். சக்கரம் சுத்தும், எண்ணெய் போகாது, உள்ள காஞ்சு தேஞ்சுரும். பின் சக்கரத்துக்குப் போற நீளத் தண்டைக் கழட்டிட்டுத்தான் இழுக்கணும்.

— அப்பாடி. இதத்தாங்க ‘கட்டாயம் கேட்டுட்டு வாங்கப்பா’ன்னு சொல்லிவிட்டா. இது ஒண்ணுதான் அவளுக்குப் பிடிபடல.

— இரு, இரு. பதிலும் அவளோடது, கேள்வியும் அவளோடது. அப்ப ஓட்டப் போறது நீ இல்லையா?

— எனக்குக் குதிரையைத் தவிர எதுவும் வராதுங்க.

— அவளா! மூட்டையை ஏத்திக்கிட்டு ஒரு பொம்பளப்பிள்ளை, இந்த ரோட்டுல?

— கூடாதுங்களா?

— கூடாதுன்னு எவன் சொன்னான்? இந்த மலையில இந்தப் பெட்டியோட பேச்சு எனக்கு மட்டும்தான் புரியும்னு இத்தனை வருசமா மெதப்புல இருந்தேன். ஒருத்தி தொடாமலே படிச்சு முடிச்சிருக்கா. சரி, சேனாதிபதி வேற வண்டியைப் பாக்கட்டும். சாவி அவளுக்குத்தான். மாதா மேல சத்தியம், இனி மாத்த மாட்டேன்.

— டிரைவரய்யா...

— ஒரே ஒரு கண்டிசன். நாளைக்கு வெள்ளனே அவளே வரணும். பஸ் ஸ்டாண்டுல எறங்கி ஸ்கூல் மேட்டுல நடந்து வரட்டும், கேட்டுல நிக்கிறேன்... என்னப்பா, மறுபடியும் என் காலைப் பாக்குற? மகாராணி அம்புட்டுத் தூரம் நடக்க மாட்டாளோ?

— நீங்க சம்மதிச்ச பெறகுதான் அதைச் சொல்லணும்னு அவ சொல்லிவிட்டாளுங்க. பாவம் பாத்துக் குடுத்த வண்டியில ஏற மாட்டாளாம்.

— எதைச் சொல்லணும்?

— எடது காலை வீட்டுல கழட்டி வச்சுட்டு வந்தாலும் ஓடும்னீங்களே... என் மகளுக்கு அந்தக் காலு மூணு வயசுக் காய்ச்சலோட போயிருச்சுங்க.