பக்கிளை நம்பாத சார்ஜென்ட்

...கேட்டுப் பாருங்க, சார். இந்தக் காலிம்னோஸ் தீவுல எவனை வேணா கேளுங்க. இருபத்தாறு வருஷமா ஹெலிகாப்டர் கதவோரம் உக்காந்து பறக்குறேன். ஒருத்தர், ஒரே ஒருத்தர் கீழ விழுந்திருக்காங்களா? ஆனா அந்தக் கேப்டன் வர்தாக்கிஸ் என்னை இறக்கி விட்டுட்டான். இந்த சார்ஜென்ட் பாந்தெலிஸ் இனிமே ஆள் ஏத்தக் கூடாதாம். விசாரிக்கன்னு உங்களை வேற ஏதென்ஸ்ல இருந்து அலைய விட்டிருக்கான். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா இந்தக் கதவு திரும்ப எனக்கு. இல்லன்னா ஓய்வு பெறுற வரைக்கும் கிட்டங்கில போர்வை மடிக்கணும்.

உக்காருங்க. அங்க இல்ல, இப்படி. நான் எப்படி ஆள் ஏத்துறேன்னு செஞ்சே காட்டிடுறேன்.

முதல்ல தொப்பி. குடுங்க. தலையில, மடியில எதுவும் லூசா இருக்கக் கூடாது. திறந்த கதவு. காத்து தொப்பியை இழுத்துட்டுப் போய் வால்ல சுத்துற விசிறிகிட்ட குடுத்துடும். அப்புறம் தொப்பி பின்னாடியே நாமளும் போக வேண்டியதுதான். ஒரு நர்ஸம்மா தலையில கட்டின துணியை அவுக்க மாட்டேன்னா, முடி கலைஞ்சிடுமாம். அப்ப பஸ்ல போங்கன்னேன். தீவுக்கு ஏது பஸ்? அவுத்துட்டா.

வரும்போதும் முன்பக்கமா, பைலட் கண்ணுல படுற மாதிரி குனிஞ்சு வரணும். வால் பக்கம் போனா ஜெனரலா இருந்தாலும் காலரைப் பிடிச்சு இழுத்துடுவேன். இழுத்திருக்கேன். அதையும் எழுதி வச்சிருப்பான் அவன்.

இப்ப பெல்ட். இடுப்பெலும்புல உக்காரணும், தொப்பை மேல இல்ல. மூச்சை விடுங்க. ம். திரும்புறப்ப வண்டி சாயும், கதவு வழியா வெறும் கடலாத் தெரியும், எல்லாரும் என் கையைப் பிடிச்சுக்குவாங்க. விழ மாட்டீங்க. அப்ப உடம்பு சீட்டுலதான் அழுந்தும். திடுதிப்புனு குலுங்கினாத்தான் ஆபத்து. எனக்கு முதுகுல வார், அதைத் தரையில இருக்குற வளையத்துல மாட்டிக்குவேன். கதவு வரைக்கும் எட்டும், அதுக்கு மேல ஒரு சாண் விடாது.

ஆனா பெல்ட்டை மாட்டுற இந்தப் பக்கிள் இருக்கே... மூடியைத் தூக்கினா பட்டுனு திறந்துக்குது. இது ஒரு பூட்டா? நான் கடல்பஞ்சு எடுக்குற படகுல வளர்ந்தவன், சார். எங்கப்பா கடலுக்குள்ள இறங்குறப்ப அவரு இடுப்புல கயிறு கட்டி விட்டவன் நான். ஒரு நாளும் அவுந்ததில்ல. அதனால பெல்ட்டுக்கு மேல என் கயிறையும் இப்படி ஒரு சுத்து சுத்தி, சீட்டுக் கம்பியோட... இது குத்தமா?

போன வருஷம் பாதிரியார் ஸோஸிமாஸை மடத்துல கொண்டுபோய் இறக்கினோம். தரை தொட்டதும் இன்ஜின்ல புகை. பைலட் சீட்டுல இருந்து வர்தாக்கிஸ் கத்துறான், இறங்கு, ஓடுன்னு. பாதிரியார் பக்கிளைத் திறந்துட்டாரு. ஆனா எழுந்திரிக்க முடியல. வேர்வையில என் கயித்து முடிச்சு இறுகிப் போச்சு. நான் பல்லால இழுக்குறேன், அவரு எல்லாப் புனிதரையும் பேர் சொல்லிக் கூப்பிடுறாரு. வர்தாக்கிஸ் ஓடி வந்து கத்தியால அறுத்தான், கயிறோட சேத்து அங்கியையும். தீயெல்லாம் ஒண்ணும் இல்ல, வெறும் எண்ணெய்ப் புகை. மடமே வாசல்ல நிக்குது, இவரு முழங்கால் தெரிய இறங்கி வர்றாரு. பழி என் மேல. நல்ல கயிறை அறுத்தவனை ஒரு வார்த்தை கேக்க ஆள் இல்ல.

பெல்ட்டு பறக்குறப்ப பிடிக்கணுமாம், இறங்கினா ஒரே இழுப்புல விடணுமாம். பிடிக்கிறது சரி. விடுறதுக்கு எதுக்கு சார் பெல்ட்டு?

என்ன, கிளம்பிட்டீங்களா? எழுந்திருங்களேன்... பக்கிளைத் திறந்தாச்சே, அப்புறம் என்ன?

ஓ.

பேச்சுவாக்குல கை அது பாட்டுக்கு முடிச்சைப் போட்டுடுச்சு. அசையாதீங்க சார், அசைஞ்சா இன்னும் இறுகும். இருங்க... பல்லு இப்ப முன்ன மாதிரி இல்ல. அதோ நிக்கிறான் வர்தாக்கிஸ், சிரிக்கிறான் பாருங்க. செத்தாலும் நான் அவனைக் கூப்பிட மாட்டேன். நீங்க கூப்பிடுறீங்களா? சரி, கூப்பிடுங்க. ஆனா அவன் கத்தியோட வர்றதுக்குள்ள அந்தக் கையெழுத்தைப் போட்டுடுங்க, சார். கை ரெண்டும் வெளியதானே இருக்கு.