கோட்டுக்கு மேல் ஓர் இடம்

தேநீரை ஆறவிடாதீர்கள், தம்பி. மஸ்கெலியாவிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருக்கிறீர்கள். இந்தக் குளிருக்குச் சூடாக ஏதாவது உள்ளே போகவேண்டும். சீனி போதாவிட்டால் சொல்லுங்கள்.

நீங்கள் யார் என்று வாசலிலேயே தெரிந்துகொண்டேன். பல்கலைக்கழக அனுமதி பற்றி யூடியூபில் பேசும் கிஷாந்த். நேரில் இன்னும் சின்னப் பையனாகத் தெரிகிறீர்கள். இந்தத் தேயிலைத் தோட்டத்தில் உங்களைத் திட்டாத வீடு இல்லை. ஏன் என்று கேட்க வந்திருக்கிறீர்கள். நியாயம்தான். சொல்கிறேன்.

என் தாத்தா இங்கே பெரிய கங்காணி. அப்பாவும் நானும் கணக்கப்பிள்ளைகள். லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் சனங்கள் பிள்ளைக்குப் பெயர் வைப்பதென்றாலும் விண்ணப்பம் நிரப்புவதென்றாலும் முதலில் இந்த வாசலுக்குத்தான் வருவார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகும் அது மாறவில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, நடப்பைச் சொல்கிறேன். மாரியம்மன் திருவிழாவில் ஒருமுறை என்னிடம் மைக்கைக் கொடுத்தார்கள். இந்தத் தோட்டத்தின் முதல் டாக்டர் எங்கள் வீட்டிலிருந்து வருவான் என்றேன். பேரன் தனுஷன் அப்போது உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். எல்லோரும் கைதட்டினார்கள்.

பெறுபேறு வந்தது. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி தனுஷனுக்கு நன்றாக வந்திருந்தது. நாகலெட்சுமியின் மகள் பூரணிக்கு அதைவிட மயிரிழை கூட. மாவட்ட நிலையில் அவளுக்கு அடுத்த ஆள் தனுஷன்.

நாகலெட்சுமி கொழுந்து பறிப்பவள். அவளுடைய மாமனார் பழனியாண்டி, காலையில் வேலைக்கு என் அப்பா பெயர் கூப்பிட்ட பெரட்டில் கைகட்டி நின்றவர். லயத்தில் சிக்னல் இல்லை. அதனால் பூரணி பல்கலைக்கழகத்துக்கு எங்கள் வீட்டுக் கணினியில்தான் விண்ணப்பித்தாள். அம்மா நிலைப்படிக்கு வெளியே நின்றாள். மகள் நான் சொல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்தாள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"ஐயா, இவ டாக்டரானா மொத ஊசி ஒங்களுக்குத்தாங்க. பயப்படாம கைய நீட்டணும்," என்று நாகலெட்சுமி சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பூரணி கேட்டாள்: "நெட்டுல கிஷாந்த் அண்ணன் சொல்றாரு, ஆசப்பட்ட வரிசையிலேயே போடுங்க, மேல உள்ளது கெடைக்காட்டி கீழ உள்ளது ஒன்னும் கொறையாதுன்னு. நெசமாங்க ஐயா?"

நிஜம்தான். மேலே உள்ளது கிடைத்துவிட்டால்தான் கீழே உள்ளதைப் பார்க்கமாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். ஆனாலும், "மொகந் தெரியாதவன் பேச்ச நம்பி வாழ்க்கைய எழுதுவியா? மருத்துவத்த மேல போட்டு அது கெடைக்காட்டி விவசாயமும் போயிரும். விவசாயத்த மேல போடு," என்றேன்.

"இல்லீங்க ஐயா, மருத்துவமே மேல இருக்கட்டும்," என்றாள். அனுப்பிவிட்டுப் போனாள்.

அந்த வாரம் உங்கள் வீடியோ வந்தது. நுவரெலியா மாவட்டத்தில் எத்தனையாவது நிலை வரை மருத்துவம் கிடைக்கும் என்று கோடு போட்டுக் காட்டினீர்கள். கோட்டுக்கு மேலே கடைசி ஆள் பூரணி. கீழே முதல் ஆள் தனுஷன். அவன் அன்றிலிருந்து சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். "மேடையில ஏன் தாத்தா அப்புடிச் சொன்னீங்க?" என்று மட்டும் ஒருமுறை கேட்டான். சந்தியில் பைஸரின் தேநீர்க் கடைப் பக்கம் போனேன். "டாக்டரோட தாத்தா வர்றாரு, எழும்பி எடம் குடுங்கப்பா," என்றார்கள். அதன் பிறகு நான் கடைக்குப் போகவில்லை. கோயிலுக்கும் போகவில்லை. எழுபது வயதுக்கு மேல் ஒரு மனிதன் தன் ஊரில் எந்தப் பாதையால் நடப்பது என்று யோசிக்கும்படி ஆகக்கூடாது, தம்பி.

விண்ணப்பம் அனுப்பிய பிறகும் வரிசையை மாற்றச் சில நாட்கள் கொடுத்திருந்தார்கள். பூரணியின் கடவுச்சொல்லை எங்கள் கணினி ஞாபகம் வைத்திருந்தது. நான் விவசாயத்தை மேலே நகர்த்தினேன். மருத்துவத்தை அழிக்கவில்லை. கீழே அப்படியே விட்டிருந்தேன்.

உங்கள் கோடு பிசகவில்லை. தனுஷனுக்கு மருத்துவம், பூரணிக்கு விவசாயம். அவளுக்கு அது விளங்கவில்லை. தன் புள்ளிக்கு மருத்துவம் வந்திருக்க வேண்டும் என்று அழுதாள். தாயையும் மகளையும் கொழும்பில் உள்ள அனுமதி அலுவலகத்துக்கு அழைத்துப் போனவன் நான்தான். பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் அவர்களைக் காசு எடுக்கவிடவில்லை. அவள் கணக்கிலிருந்தே வரிசை மாறியிருப்பதாக அங்கே சொன்னார்கள். திரும்பும் வழியில், கடவுச்சொல்லை வேறு யாருக்காவது கொடுத்தாயா என்று கேட்டேன். வரிசை சரியா என்று பார்த்துச் சொல்லும்படி உங்களுக்குத்தான் அதை அனுப்பியிருந்தாளாம். நீங்கள்தான் மாற்றினீர்கள் என்று நான் சொல்லவில்லை. தலையைத்தான் ஆட்டினேன். மிச்சத்தை நாகலெட்சுமி லயம் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

விவசாயபீடத்தில் சேர்ந்தால் மருத்துவத்துக்கு மறுபடி கேட்க முடியாது. அவள் சேரவில்லை. அம்மாவோடு மலைக்குப் போய்க் கொழுந்து பறித்துக்கொண்டே படித்து, மறுபடி எழுதினாள். தனுஷனோடு எழுதியது அவளுக்கு இரண்டாவது தடவை, இது மூன்றாவது. அதற்குமேல் எழுத விடமாட்டார்கள். தனுஷன் படிக்கிறான். விடுமுறைக்கு மட்டும் வருவதில்லை. படிப்புச் சுமை என்று நினைக்கிறேன்.

இதை நீங்கள் வெளியே போய்ச் சொல்லலாம். நான் தடுக்கமாட்டேன். ஆனால் யாரிடம் சொல்வீர்கள்? நேற்று நாகலெட்சுமி வந்தாள். பூரணிக்குப் புதுப் பெறுபேறு வந்திருக்கிறது.

"இந்தத் தடவ நெட்டு கிட்டெல்லாம் வேணாங்க ஐயா. பட்டது போதும். ஒங்க கையாலேயே போட்டுருங்க," என்றாள். பூரணி வெளியே படியில் நின்றாள். இம்முறை உள்ளே வந்து உட்காரவில்லை.

சரி என்று சொல்லியிருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு நான் கெடுதல் நினைத்தவனல்ல. அவளுக்கு மருத்துவம் கிடைத்தால் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவர் இந்தத் தோட்டத்தில் இருக்கமாட்டார்.

தனுஷனின் தங்கையும் இந்த வருடம் எழுதினாள். அவளுக்கும் நல்ல புள்ளி. பூரணிக்குக் கொஞ்சம் கீழே.

கோடு எங்கே நிற்கும் என்ற வீடியோவை நீங்கள் இன்னும் போடவில்லை. அதை மட்டும் கொஞ்சம் சீக்கிரம் போடுங்கள், தம்பி.